லீவு முழுக்கப் பிள்ளைகளுக்கு என்ன படம் போடுவது? யு சான்றிதழைப் பார்த்தால் போதாதா?

26 ஏப்ரல் 2025, காலை (கேள்வி)

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. வீட்டில் 5 வயதில் ஒன்று, 10 வயதில் ஒன்று. வெயிலில் வெளியே விட முடியவில்லை, மத்தியானம் முழுக்க டிவிதான். யு என்று போட்டிருந்தால் போடலாம், யு/ஏ என்றால் வேண்டாம், இவ்வளவுதானே கணக்கு? என் மனைவி ஒவ்வொரு படத்தையும் முதலில் நாம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்கிறாள். அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

26 ஏப்ரல், இரவு (பதில்)

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

யு என்பது யாரும் பார்க்கலாம் என்பதற்கான அனுமதி. பிள்ளைகளுக்காக எடுத்த படம் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நம் ஊரில் இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011-ல் தமிழ்நாடு அரசு கேளிக்கை வரி விலக்குக்கு யு சான்றிதழையும் ஒரு நிபந்தனையாக்கியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை இதுதான் நடைமுறை. வரி விலக்கு என்றால் பெரிய பணம், அதனால் எப்படியாவது யு வாங்கிவிட வேண்டும் என்று இங்கே நாலு ஷாட், அங்கே ஒரு வசனம் வெட்டிக் கொடுத்து வாங்குவார்கள். கதை மாறாது, அரிவாளும் மாறாது, ரத்தம் தெறிப்பது மட்டும் கொஞ்சம் குறையும். அந்த வருடங்களில் வந்த யு படங்களை இப்போது பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள், எத்தனை தடவை ரிமோட்டைத் தேடுகிறீர்கள் என்று தெரியும்.

யு/ஏ என்றாலே கூடாது என்பதும் இல்லை. 1983-ல் வந்த பிரிவு அது. 12 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் யோசித்துக் காட்டட்டும் என்பதுதான் அதன் பொருள். இப்போது அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், 2023-ல் சட்டத்தைத் திருத்தி. ஓடிடியில் 2021 விதிகளிலிருந்தே இந்தப் பிரிப்பு இருக்கிறது. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. முன்பெல்லாம் லேசாக அடித்துக்கொள்ளும் படத்துக்கும் ஆளைக் கூறுபோடும் படத்துக்கும் ஒரே யு/ஏ. இப்போது 7+ என்று பார்த்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

27 ஏப்ரல்

நேரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நேற்று தாண்டிப் போய்விட்டேன். முழுப் படமும் பார்க்க எனக்கும் நேரம் கிடையாது. முதல் 10 நிமிடம், கடைசி 15 நிமிடம், இவ்வளவுதான் பார்க்கிறேன். பிள்ளைகள் படங்களில் அம்மாவோ அப்பாவோ சாவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே நடந்துவிடும். அப்போதுதான் குட்டி தனியாகக் கிளம்ப முடியும். கடைசியில் யாராவது பிரிவார்கள். நடுவில் பெரும்பாலும் ஓட்டமும் சிரிப்பும்தான்.

29 ஏப்ரல்

போன வருடம் மே மாதம் நடந்ததைச் சொல்லாமல் நான் பேசுவது பாதிதான்.

நாங்கள் கோயம்புத்தூர். லீவுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போவோம். என் மகன் (இப்போது 9), மகள் (6), அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் (13, 5), பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒன்றிரண்டு, எல்லாருக்கும் ஒரே டிவி. அந்தச் சமயம் மதினிக்குச் சென்னையில் 12 நாள் பயிற்சி. சின்னவளை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அப்போது அவளுக்கு 4 வயது.

நான் ஃபைண்டிங் நீமோ போட்டேன். 2003-ல் வந்த பிக்சார் படம். அமெரிக்காவில் எல்லாரும் பார்க்கலாம் என்று ஜி போட்ட படம். அதில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு பெரிய மீன் வந்து அம்மா மீனையும் முட்டைகளையும் தின்றுவிடும், ஒரே ஒரு முட்டை மிஞ்சும். தின்பதைக் காட்டக்கூட மாட்டார்கள். திரை இருட்டாகும், அப்புறம் அப்பா மீன் தேடும், அவ்வளவுதான். மற்ற மூன்று பேரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆமைகள் வரும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அழவே இல்லை.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள். "அத்தை, மீனோட அம்மா எந்த ஊருக்குப் போயிருக்கு?"

நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். மறுநாளிலிருந்து மதினி போனை எடுக்கும்வரை சாப்பிட மாட்டாள். வகுப்பில் இருக்கும் மதினி எப்படி எடுப்பாள்? வீடியோவில் முகத்தைக் காட்டினால்தான் சோறு இறங்கும். எட்டு நாள் இப்படி. இதற்கு எந்தச் சான்றிதழ் என்ன செய்யும்? தணிக்கைக்கு உட்காருகிறவர்களுக்கு அவள் அம்மா சென்னையில் இருப்பது தெரியுமா? எனக்குத் தெரியும். நான்தான் அதை யோசித்திருக்க வேண்டும்.

அதனால் 7 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு, அம்மாவைப் பிரியும் படம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

30 ஏப்ரல்

"அப்படிப் பார்த்தால் எந்தப் படமும் மிஞ்சாதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறைய மிஞ்சும்.

பேச்சே இல்லாத படங்களில் தொடங்குங்கள். ஷான் தி ஷீப் தொடரில் ஒரு கதை ஏழு நிமிடம்தான், ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ஆட்டுக்குட்டியின் குறும்பு 4 வயதுக்கும் புரிகிறது, 70 வயதுக்கும் புரிகிறது. டப்பிங் நன்றாக இருக்கிறதா, சப்டைட்டில் படிக்கத் தெரியுமா என்ற கவலை இல்லை. ஏழு நிமிடம் என்பதால் "இன்னும் ஒண்ணு" என்றால் ஒன்று கூடப் போட்டுவிட்டு நிறுத்தலாம், பாதியில் நிறுத்தினோம் என்ற சண்டை வராது.

தி ரெட் பலூன் என்று ஒரு பிரெஞ்சுப் படம், 1956-ல் ஆல்பர்ட் லாமொரிஸ் எடுத்தது, 34 நிமிடம். பாரிஸ் தெருவில் ஒரு பையன் பின்னாலேயே ஒரு சிவப்புப் பலூன் நாய்க்குட்டி மாதிரி சுற்றும். கார்ட்டூன் மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகள் உட்காருவார்களா என்று சந்தேகத்தோடுதான் போட்டேன். அசையவில்லை. மற்ற பையன்கள் கல்லெறிந்து பலூனை உடைக்கும் இடத்தில் என் மகன் எழுந்து நின்றுவிட்டான். கீரை ஆய்ந்துகொண்டு சும்மா பார்த்திருந்த ஆச்சி, "எதுக்குல இப்படிப் போட்டுக் கொல்லுதானுவ, அதுக்கும் உசிரு இருக்குல்லா" என்றாள். அப்புறம் ஊரிலுள்ள பலூன்கள் எல்லாம் பறந்து வந்து அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போகும். ஆச்சிக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம்.

1 மே

வேற்று மொழிப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் போடலாமா என்று கேட்டவருக்கு: டப்பிங் பரவாயில்லை. பாட்டு வரும் இடங்களில் கொஞ்சம் இடிக்கும், மற்றபடி பிள்ளைகளுக்குக் கதைதான் முக்கியம். 2019-ல் வந்த லயன் கிங் தமிழில் அரவிந்த்சாமியும் சித்தார்த்தும் குரல் கொடுத்தார்கள், கேட்க நன்றாகவே இருந்தது. மொழி புரியாமல் ஓடும் படத்தை அதன் நிறத்துக்காகவும் வேகத்துக்காகவும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட, சுமாரான தமிழில் புரிந்து பார்ப்பது மேல்.

(அதிலும் அப்பா சிங்கம் சாகும். 9 வயதுக்காரனுக்குச் சரி. சின்னதுகளுக்கு என் கணக்கில் இன்னும் வேண்டாம்.)

4 மே

ஊருக்கு வந்து சேர்ந்தாச்சு. நெட் இங்கே ஊர்ந்துதான் வரும் என்பதால் கோயம்புத்தூரிலேயே டேப்லட்டில் டவுன்லோடு செய்துகொண்டு வந்துவிட்டேன். இதில் ஒரு நன்மை: கையில் இருப்பது எட்டே படம். "வேற என்ன இருக்கு" என்று தள்ளிக்கொண்டே போக வழி இல்லை.

ஓடிடியில் செய்ய வேண்டியது இரண்டுதான். பிள்ளைகளுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயதைக் குறைத்து வையுங்கள், 13+ முதல் பூட்டு இருக்க வேண்டும் என்பது விதியே, அந்த பின் நம்பர் பிள்ளைகளின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம். அப்புறம், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டாவதுதான் எனக்கு உண்மையில் உதவியது. படம் முடிந்து திரை கறுப்பானால் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து போகிறார்கள். அடுத்தது ஓட ஆரம்பித்துவிட்டால் நாம் வில்லனாகத்தான் ஆக வேண்டும்.

தியேட்டருக்கும் போனோம். ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு, ஓரமாக எழுந்து போக வசதியான இருக்கையாகக் கேட்டு வாங்கி. படம் பிள்ளைகள் படம்தான். அதற்கு முன்னால் போட்ட ட்ரெய்லர் ஒன்றில் தலையை வெட்டுகிறார்கள், அந்தச் சத்தத்தோடு. இருட்டில் எத்தனை பேர் கண்ணைத்தான் பொத்த முடியும்? எனக்கு இருப்பது இரண்டு கை. இடைவேளையில் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை படம் தொடங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்தே உள்ளே போவது என்று இருக்கிறேன்.

7 மே

கவனிக்காமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் அசந்து இருக்கிறோம்.

காமெடிக் காட்சிகள். முழுப் படம் இல்லை, டிவியில் சாப்பாட்டு நேரத்துக்குத் தொகுத்துப் போடுகிறார்களே, அது. ரத்தம் கிடையாது, முத்தம் கிடையாது, யாரும் ரிமோட்டைத் தேட மாட்டோம். தாத்தாவுக்கும் பிடிக்கும், எல்லாரும் சேர்ந்து சிரிப்போம். முந்தாநாள் என் மகன், அண்ணன் மகள் பெரியவளைப் பார்த்து அதில் வரும் ஒரு வரியை அப்படியே அடித்தான். அவள் உடம்பைப் பற்றிய வரி. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு தோசை போதும் என்றாள். அவளுக்கு 13 வயது.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அரை மணி நேரத் தொகுப்பில் கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய், பொண்டாட்டியிடம் அடி வாங்குகிறவன். இவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. நான் வளர்ந்ததும் இதைப் பார்த்துத்தான், எனக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அதுவும் ஒரு படத்திலிருந்து வந்ததுதான். இருந்தும் இத்தனை நாள் இதைத் தீங்கு என்று நினைக்கவே இல்லை.

மகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "டிவில சொன்னா சிரிக்கீங்க, நான் சொன்னா மட்டும் தப்பா?" என்றான். சாப்பாட்டு நேரத்தில் டிவியை அணைத்துவிட்டோம். தாத்தாவுக்கு வருத்தம்தான். பெரியவளைப் பற்றிச் சொன்னதும் அவர் மறு பேச்சுப் பேசவில்லை.

27-ஆம் தேதி எழுதிய முதல் 10, கடைசி 15 கணக்கு இதற்கு உதவாது. இந்த மாதிரி விஷயம் நடுவில்தான் இருக்கும், பாட்டுக்கும் சண்டைக்கும் இடையில்.

9 மே

29-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மதினி லீவு போட்டுவிட்டு நேற்று வந்தாள். வந்ததும் சின்னவள் (5 ஆகிவிட்டது) என்னிடம் வந்து "அத்தை, மீன் படம் போடுங்க, அம்மா பாக்கணும்" என்றாள். எனக்குத் திக்கென்றது. மதினி "போடு மதினி, நான் இருக்கேன்லா" என்றாள். அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். அந்தப் பெரிய மீன் வரும்போது அம்மா கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். மீன் போனதும், "இனி அப்பா மீன் தேடும், கண்டுபிடிச்சிரும்" என்று மதினிக்கு விளக்கம் வேறு. இன்றைக்கும் ஒரு தடவை பார்த்தாயிற்று.

ஆக 7 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று நான் போட்ட விதி தவறு. படமும் அதேதான், பிள்ளையும் அதேதான். அன்றைக்கு அம்மா இல்லை, இன்றைக்கு இருக்கிறாள். ஒரு வருடம் அந்த அம்மா மீனை அவள் மனதிலேயே வைத்திருந்திருக்கிறாள். நான் அந்தப் படத்தை ஒளித்தே வைத்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்கும் போல.

13 மே

தமிழில் என்ன இருக்கிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

காக்கா முட்டை, 2015. 9 வயதிலிருந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். அப்பா சிறையில் இருக்கிறார், பாட்டி இறந்துபோகிறாள், கடையில் அந்தப் பையனை ஓங்கி அறைகிறார்கள். இவ்வளவும் இருந்தும் அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள், பெரியவர்கள் மாதிரிப் பேசுவதில்லை. படம் முடிந்ததும் என் மகன் "பீட்சா நல்லாவே இல்லன்னு சொல்லிட்டாங்களே, அப்ப எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டாங்க" என்று கேட்டான். 13 வயதுக்காரி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சந்தோஷ் சிவனின் மல்லி, 1998. காட்டில் ஒரு சிறுமி, வாய் பேச முடியாத தன் தோழிக்காக நீலமணி தேடிப் போகிறாள். மெதுவாகப் போகும். 6 வயது மகள் அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாபநாசம் மலை அடிவாரத்தில் இருந்துகொண்டு பார்ப்பதால் அவளுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி இருந்திருக்கலாம்.

பசங்க, 2009. பள்ளிச் சண்டை, வீட்டுச் சண்டை எல்லாம் உண்டு. பெற்றோர் சேர்ந்து பார்க்க வேண்டிய படம், நமக்கும் சேர்த்துத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள். அஞ்சலி (1990) கடைசியில் குழந்தை இறக்கும், அது தெரிந்துகொண்டு போடுங்கள்.

14 மே

ஈரான் படம் ஒன்றை விட்டுவிட்டேன். சில்ட்ரன் ஆஃப் ஹெவன், 1997, மஜித் மஜிதி. இதைத் தமிழில் அக்கா குருவி என்று எடுத்து 2022-ல் வெளியிட்டார்கள். நான் போட்டது மூலப் படத்தை. சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும், படிக்கத் தெரிந்தது பெரியவளுக்கு மட்டும்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருநெல்வேலித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன், அண்ணன் ஷூவையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு காலையும் மத்தியானமும் பள்ளிக்கு ஓடுவது. ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசுதான் ஷூ, இவன் முதலாவதாக வந்துவிட்டு அழுவான்.

"ஏலே, முன்னால போகாதல, ரெண்டு பேர விடு" என்று ஆறு பிள்ளைகளும் கத்தினார்கள். சாயங்காலம் தெருவில் அதே பந்தயத்தை நுங்கு வண்டி வைத்து ஓடினார்கள், யார் மூன்றாவதாக வருவது என்று போட்டி. எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தள்ளிவிடுகிறார்கள்.

20 மே

இதை எழுதலாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

16-ஆம் தேதி ஆச்சி தன் முறைக்குப் படம் தேர்ந்தெடுத்தாள். குழந்தையும் தெய்வமும், 1965. குட்டி பத்மினி இரட்டை வேடம். ஒருவரை ஒருவர் தெரியாமல் வளரும் இரட்டைப் பிள்ளைகள் பிரிந்துபோன அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கும் கதை. ஆச்சி அதில் வரும் கோழியும் சேவலும் வேறு வேறு கூட்டில் இருக்கும் பாட்டை அடுப்படியில் பாடாத நாள் இல்லை. இதைப் போய் முன்கூட்டிப் பார்ப்பதா என்று நான் அலட்டிக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளை, 8 வயது, தினமும் எங்களோடுதான் பார்க்கும். அதன் அப்பாவும் அம்மாவும் இரண்டு வருடமாகத் தனித்தனியாக இருக்கிறார்கள், பிள்ளை பாட்டி வீட்டில். எனக்குத் தெரியும். ஆச்சிக்கும் தெரியும். அந்தப் பாட்டு வந்தபோதுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். நிறுத்தவில்லை.

படம் முடிந்து மற்றவர்கள் ஓடிய பிறகு அவள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே, "அத்தை, அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருந்ததனால சேத்து வைக்க முடிஞ்சுது, இல்லையா? ஒருத்தியா இருந்தா முடியாதுல்லா?" என்றாள்.

சேர்த்து வைப்பது பிள்ளைகள் வேலை இல்லை, அது சினிமாவில் மட்டும்தான், உன் பேரில் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். சொன்னது போதுமா என்று இப்போதும் தெரியவில்லை. சாயங்காலம் அவள் பாட்டியிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். "அவ இத நினைக்காத நாள் எதும்மா? என்கிட்ட கேட்டா நான் அழுதுருவேன்னு கேக்க மாட்டா. உங்கிட்டயாவது கேட்டாளே" என்றார்கள்.

21 மே

அப்படியென்றால் குழந்தையும் தெய்வமும் போடவே கூடாதா என்று கேட்கிறீர்கள். இல்லை, அந்தப் படத்தைப் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகள் அதை வெறும் ஆள்மாறாட்டக் கதையாகப் பார்த்துச் சிரித்தாள். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள் என்கிறேன். பிள்ளைகளைப் பற்றி நமக்குத் தெரிந்த விஷயம்தான், படம் போடும் நேரத்தில் ஞாபகம் வருவதில்லை.

25 மே

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்க விடலாம் என்ற கேள்விக்கு: இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயதுவரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு படம், மத்தியானம் 2 மணிக்கு. அதற்கு மேல் இல்லை. சின்னவள் பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள், அதனால் அவள் கணக்கும் ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது.

1 ஜூன்

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, காலையிலேயே கிளம்பிவிட்டோம், தென்காசி தாண்டி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

5 வயதுக்கு ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு மை நெய்பர் டோடோரோ, 1988, மியாசாகி எடுத்த ஜப்பானியக் கார்ட்டூன் படம். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. அக்கா, தங்கை, பெரிய மரம், மழை, பூனை வடிவில் ஒரு பஸ். ஆனால் அதில் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பாள், தங்கை ஒரு நாள் காணாமல் போவாள். உங்கள் வீட்டில் இப்போது யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் அடுத்த லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கடைசி நாள் என்பதால் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் முதலில் கை தூக்கினாள். செருப்புப் படம் கேட்டாள். பெரியவள் மறுபடியும் வரிக்கு வரி சொன்னாள், பந்தயம் வந்ததும் எல்லாரும் மறுபடியும் "விடுல, விடுல" என்று கத்தினார்கள்.